மூன்றாம் நாள் மண்வெட்டி

சுவாகிலி மொழியில் இரண்டு சொற்களேனும் அறியாத மாணவர் இன்று நம் விடுதிகளில் இரார். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த சிங்கக்குட்டிப் படம் ஒன்று அவ்விரு சொற்களை உலகெங்கும் பரப்பிவிட்டது. "ஹக்குனா மட்டாட்டா" என்றால் "தொல்லை ஒன்றுமில்லை" என்று பொருள். தேர்வில் தோற்றவரும் அதைச் சொல்கிறார். தோற்கப் போகிறவரும் சொல்கிறார். பனியனில் அச்சிட்டு மார்பிலும் அணிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது பழமொழியே அன்று. அன்றாடப் பேச்சில் வரும் ஒரு சொற்றொடர், அவ்வளவே. கீழை ஆப்பிரிக்காவுக்குச் சுற்றுலா சென்று மீள்வோர் இதனோடு இன்னொன்றையும் கொண்டுவருகின்றனர். "ஹரக்கா ஹரக்கா, ஹைனா பரக்கா" என்பது அது. "விரைவு விரைவு என்பதில் அருள் இல்லை" என்பது அதன் கருத்து. இது பழமொழிதான், அழகிய பழமொழி. ஆனால் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, "ஆப்பிரிக்கர் கவலை அறியாதவர், அவசரம் அறியாதவர், கடிகாரம் அறியாதவர்" என்று ஒரு கண்டத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, அது எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அந்தப் பிழையை நானும் செய்தவன். மொம்பாசா நகரிலிருந்து வந்து பயிலும் நண்பர் ஒருவர் என் அறைக்கு இரண்டு அறைகள் தள்ளி இருக்கிறார். அவர் வந்த புதிதில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. சப்பாத்தி வரவில்லை. எல்லாரும் தட்டைத் தட்டிக்கொண்டு நின்றோம். என் சுவாகிலிப் புலமையைக் காட்டவேண்டும் என்ற ஆசையால் அவர் பக்கம் திரும்பி, "ஹரக்கா ஹரக்கா" என்று தொடங்கினேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "ங்கோஜா ங்கோஜா, ஹுஉமிசா மத்தும்போ" என்றார். "காத்திரு காத்திரு என்றால் வயிறுதான் நோகும்" என்று பொருளும் சொன்னார். வரிசை முழுவதும் சிரித்தது. என் புலமை அங்கே முடிந்தது.

அன்றிலிருந்து அவரிடம் நான் கேட்டறிந்தவற்றையும், பின்னர் நூல்களில் படித்தறிந்தவற்றையும் கொண்டு பார்த்தால், ஒன்று தெளிவாகிறது. சுவாகிலிப் பழமொழிகள் தனித்தனியே நிற்பன அல்ல, ஒன்றோடொன்று வழக்காடுவன. விரைவில் அருள் இல்லை என்று சொல்லும் அதே வாய், "செலெவா செலெவா, உத்தாகூத்தா ம்வானா சி வாக்கோ" என்றும் சொல்கிறது. "தாமதித்துக்கொண்டே இரு, கடைசியில் போய்ப் பார்த்தால் பிள்ளை உன்னுடையதாய் இராது" என்பது இதன் கருத்து. இதைவிடக் கடுமையாகச் சோம்பலைச் சாடிய பழமொழியை நான் கேட்டதில்லை. "பொறுமையுள்ளவன் பழுத்த கனியை உண்பான்" என்று ஒன்று உண்டு. அதற்கு எதிராக நிற்பதுதான் சாப்பாட்டு வரிசையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட மொழி. சுற்றுலாக் கடைகளில் விற்பவை ஒரு பக்கத்து மொழிகள் மட்டுமே. எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேளாமலே தீர்ப்பு எழுதினால் அது நீதியாகுமா?

"அப்படியானால் எது உண்மை? விரைவதா, பொறுப்பதா?" என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். "நீ ஓடுகிற நாளில் ஒன்று உனக்கு, நீ தூங்குகிற நாளில் மற்றொன்று உனக்கு" என்றார். பழமொழி மருந்தைப் போன்றது போலும். பெட்டியிலுள்ள எல்லா மருந்தையும் ஒருவனே குடிப்பதில்லை. எந்த நோய்க்கு எது என்று அறிந்து எடுப்பவனுக்குத்தான் மருத்துவன் என்று பெயர்.

இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்த இணை ஒன்று உண்டு. "ஹபா நா ஹபா, ஹுஜாசா கிபாபா" என்பது முதல் மொழி. கிபாபா என்பது தானியம் அளக்கும் ஒரு சிறு படி. நான்கு கிபாபா சேர்ந்தால் ஒரு பிஷி. இந்த அளவைகள் இப்போது கிலோவுக்கு இடம் கொடுத்து ஒதுங்கிவிட்டன. நம் படியும் ஆழாக்கும் ஒதுங்கவில்லையா, அதுபோல. "சிறிது சிறிதாகப் போட்டால் படி நிறையும்" என்பது இதன் பொருள். "சிறுதுளி பெருவெள்ளம்" என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் சற்றுப் பொறுங்கள். நம் மொழி வெள்ளத்தைக் காட்டுகிறது. அவர்கள் மொழி ஒரு சிறிய படியைக் காட்டுகிறது. அந்தக் கரையில் சிறுகச் சேர்ப்பவன் கனவு காண்பது பெருஞ்செல்வத்தை அன்று. ஒரு வேளைக் கஞ்சிக்கான தானியத்தை. அதன் எதிர்மொழி "பண்டு பண்டு, ஹுவிஷா கோகோ" என்பது. "செதில் செதிலாய்ச் செதுக்கினால் அடிமரமும் தீர்ந்துபோகும்." சிறிது சிறிதாய்ச் சேரும் என்ற அதே விதி, சிறிது சிறிதாய்க் கரையும் என்றும் எச்சரிக்கிறது. மாதத்தின் முதல் வாரத்தில் வீட்டிலிருந்து பணம் வந்ததும், தேநீர், திரைப்படம், இரவில் ஒரு முட்டை தோசை என்று செதுக்கத் தொடங்கும் நம்மவர்க்கு இரண்டாவது மொழியே பொருத்தம்.

இம்மொழியைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும். சுவாகிலி என்ற பெயர் "கரைகள்" என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சொற்களில் பல அரபு. இலக்கணமும் எலும்பும் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வடகிழக்குக் காற்றில் பாய்மரம் ஏறி வந்து, தென்மேற்குக் காற்றில் திரும்பிப் போன வணிகர் பலரோடு பழகிய மொழி இது. நம் நாட்டிலிருந்தும் போனார்கள். தமிழர் அல்லர், பெரும்பாலும் கச்சு, குசராத்துப் பகுதியினர். அவர்கள் விட்டுவந்த சொற்கள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன. பணத்துக்குப் பெசா, வண்டிக்கு காரி, நூறாயிரத்துக்கு லாக்கி. இன்று தான்சானியா, கென்யா முதலிய நாடுகளில் ஆட்சி மொழி. 1954-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் தங்கனிக்காவில் நைரேரே தலைமையில் தோன்றிய விடுதலைக் கட்சி, சுவாகிலியைத் தன் போராட்ட மொழியாகக் கொண்டது. அந்த நாளையே உலகச் சுவாகிலி மொழி நாளாக யுனெஸ்கோ 2021-இல் அறிவித்தது.

பெயர் தெரிந்தால் போதாது. பழமொழி அங்கே எப்படிப் பேசப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கரையோரத்துப் பழைய வீடுகளின் வாசலில் கல்லால் கட்டிய இருக்கை உண்டு. அதற்கு பரசா என்று பெயர். திண்ணை என்றே நாம் சொல்லிவிடலாம். மாலையில் ஆண்கள் அங்கே கூடுவர், காப்பி வரும், ஊர்க்கதை வரும், வழக்கும் வரும். சுவாகிலிப் பழமொழிகளிற் பல இரு பாதியாக அமைந்தவை. பேசுகிறவர் முதற்பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். மறுபாதியைக் கேட்பவர் முடிக்க வேண்டும். "அசியெசிக்கியா லா ம்கூ" என்று ஒரு பெரியவர் இழுக்கிறார். "பெரியவர் சொல்லைக் கேளாதவன்" என்பது பொருள். எதிரே தலைகுனிந்து நிற்கும் இளைஞன், "ஹுவுஞ்ஜிக்கா கூ" என்று முடிக்கிறான். "காலை முறித்துக்கொள்வான்." தண்டனையை நீதிபதி சொல்லவில்லை, பாருங்கள், குற்றவாளியே தன் வாயால் சொல்லிவிடுகிறான்! நம் பேராசிரியர்கள் ஒரு மணி நேரம் அறிவுரை கூறியும் சாதிக்காததை அரைவாக்கியம் சாதிக்கிறது. பெரியவர்களையும் அம்மொழி விட்டுவைக்கவில்லை. "உக்குப்வா நி ஜலாலா" என்று ஒன்று உண்டு: "பெரியவனாயிருத்தல் குப்பைமேடு." எல்லார் குறையும் வந்து கொட்டும் இடம் அதுவே என்பது கருத்து. நம் சங்கச் செயலாளர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். எழுதித் தரச் சொல்லி வாங்கி மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஆண்களுக்குத் திண்ணை, பெண்களுக்கு என்ன? அவர்களுக்குக் கங்கா உண்டு. கங்கா என்பது கீழை ஆப்பிரிக்கப் பெண்கள் இரட்டையாக வாங்கி, ஒன்றை இடையிலும் ஒன்றைத் தோளிலோ தலையிலோ அணியும் வண்ணப் பருத்தித் துணி. அச்சொல்லுக்குக் கினிக்கோழி என்றும் பொருள். துணியின் ஓரத்துக்குச் சற்று மேலே ஒரு வரி அச்சிட்டிருக்கும். பழமொழியாகவோ பழமொழி போன்றதாகவோ இருக்கும். முன்னாளில் அரபு எழுத்தில் அச்சாயிற்று. பின்னர் உரோமன் எழுத்துக்கு மாறிற்று. நம் நாட்டு ஆலைகளிலும் இத்துணி அச்சாகிக் கப்பலேறியிருக்கிறது. வண்ணத்தைப் பார்த்து மட்டும் அங்கே துணி வாங்குவதில்லை. வரியைப் படித்து வாங்குகிறார்கள். புறம்பேசும் அண்டை வீட்டுக்காரியிடம் நேரே சண்டைக்குப் போவது நாகரிகம் அன்று. "சிங்கத்தின் பல்லுக்கு அஞ்சுவேன், மனிதன் சொல்லுக்கு அஞ்சேன்" என்று அச்சிட்ட கங்காவை உடுத்திக்கொண்டு அவள் வீட்டைக் கடந்து கிணற்றுக்குப் போனால் போதும். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெரு முழுதும் படித்துவிட்டது. தாய்க்கு மகள் கொடுக்கும் கங்காவில் நன்றி இருக்கும். கணவன் மனைவிக்கு வாங்கும் கங்காவில் சமாதானம் இருக்கும். அறிவு என்பது ஏட்டில் மட்டும் இருக்கவேண்டும் என்று யார் விதித்தார்கள்? இடுப்பிலும் இருக்கலாம்.

பழமொழி என்றாலே பல நூறு ஆண்டுப் பழமை உடையது என்று நாம் நினைக்கிறோம். அதுவும் முழு உண்மையன்று. "டெபே ஷிண்டா ஹலியாச்சி குத்திக்கா" என்ற மொழியைக் கேட்டபோது எனக்கு வியப்பு. "முழுதும் நிரம்பாத தகரம் குலுங்காமல் இராது" என்பது பொருள். நம் குறைகுடம் அங்கே தகரமாகிவிட்டது! டெபே என்பது மண்ணெண்ணெய் வந்த நாற்சதுரத் தகரப் பெட்டி. மண்ணெண்ணெய் தீர்ந்தபின் தண்ணீர் சுமக்கவும் தானியம் அளக்கவும் அதுவே பயன்பட்டது. சொல்லோ இந்தியச் சொல். நாம் வழங்கும் டப்பாவின் உடன்பிறப்பு. மண்ணெண்ணெய்த் தகரம் அக்கரைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னர் இராது. எனவே அம்மொழி இன்றுள்ள உருவில் பிறந்து நெடுங்காலம் ஆகியிராது. பழமொழி கூறும் மக்கள் பழமையில் உறங்கவில்லை. கைக்கு வந்த புதுப் பொருளை எடுத்துத் தட்டிப் பார்த்து, அதன் ஓசையிலிருந்து ஒரு நீதியைச் செய்துகொண்டார்கள்.

இம்மொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர்களுள் முன்னோடி, மொம்பாசாவில் பணிபுரிந்த டெய்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவருடைய தொகுப்பு 1891-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. அவர் செய்தது பெருந்தொண்டு, ஐயமில்லை. ஆனால் இத்தகைய தொகுப்புகளில் ஒரு குறையும் உண்டு. யார், யாரிடம், எந்த வேளையில், எந்தக் குரலில் சொன்னார் என்பது பட்டியலில் வருவதில்லை. திண்ணையிலிருந்து எடுத்துத் தாளில் ஒட்டிய பழமொழி, அருங்காட்சியகத்தில் குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிதான். நிறம் இருக்கிறது, பறப்பு இல்லை.

எல்லாப் பழமொழியும் பொன்மொழி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் புகழ்வதும் ஒருவகை அலட்சியமே. "ம்வாச்சா மிலா நி ம்தும்வா" என்பது அங்கே பெரிதும் வழங்கும் மொழி. "மரபைக் கைவிட்டவன் அடிமை" என்று பொருள். விடுதலைக்குப் பின் நாட்டுப் பண்பாட்டைப் போற்றுவோர் இதை மேடைதோறும் முழங்கினர். நல்ல கருத்துத்தான். ஆனால் அடிமை என்ற சொல் அந்தக் கரையில் வெறும் உவமை அன்று. சான்சிபார்த் தீவின் அடிமைச் சந்தை 1873-இல்தான் மூடப்பட்டது; அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1897-இல். உள்நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவன், தன் மரபைத் தானாகவா கைவிட்டான்? பறித்தவர்கள் யார்? அந்நாளில் சான்சிபாரின் சுங்கத்தைக் குத்தகை எடுத்தும், வாணிகத்துக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தும் வாழ்ந்தவர்களில் இந்திய வணிகரும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. பழமொழியைக் கேட்டதும் "ஆகா" என்று தலையாட்டுவதற்கு முன், இதைச் சொன்னவன் ஆண்டையா, ஆளா என்று ஒரு கேள்வி கேட்பது நல்லது. நம் மொழியிலும் சாதியையும் பெண்ணையும் பற்றி வழங்கும் பழமொழிகளை இதே கேள்வியால் சோதிக்கலாம். எத்தனை மிஞ்சும் என்று பார்க்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் நாம் விடவேண்டும். அயல்மொழிப் பழமொழி ஒன்றைக் கேட்டவுடன், "இது எங்களிடம் இருக்கிறதே!" என்று அதற்கு ஈடான தமிழ்மொழியை எடுத்து வைத்து, பேச்சை முடித்துவிடுகிறோம். "மீனைப் பச்சையாய் இருக்கும்போதே வளை" என்று அவர் சொன்னார். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நான் பாய்ந்தேன். பொருள் ஒன்றே, மறுக்கவில்லை. ஆனால் மீன் என்ன ஆனது? கடற்கரையில் மீனைப் பிளந்து காயவைக்கும் பெண், காய்ந்தபின் அதை மடக்கினால் ஒடியும் என்பதைக் கையால் அறிந்தவள். அந்தக் கையின் அறிவுதான் அம்மொழி. அதைக் கேளாமல் என் மொழியை அதன்மேல் போர்த்திவிட்டேன். ஒற்றுமையைக் காண்பது நட்பின் தொடக்கம். ஆனால் ஒற்றுமையை மட்டுமே காண்பவன் மற்றவன் முகத்தில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு சனவரி இறுதியில், பெங்களூரில் தான்சானியா நாட்டு மாணவி ஒருத்தி ஒரு கும்பலால் தாக்கப்பட்டாள். வேறொரு நாட்டவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி ஒரு பெண் இறந்ததே கும்பல் திரண்டதற்குக் காரணம். அவ்விபத்துக்கும் இவளுக்கும் தொடர்பே இல்லை. ஆப்பிரிக்கர் என்ற ஒன்றே போதுமாயிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் தில்லியை அடுத்த நொய்டாப் பகுதியில் நைசீரிய மாணவர்கள் தாக்கப்பட்டனர். கும்பலில் நாம் இல்லை என்று ஆறுதல் அடையலாம். ஆனால் இந்த ஊருக்கு வந்த நாள் முதல், நெல்லைக்காரனையும் நெல்லூர்க்காரனையும் கொச்சிக்காரனையும் ஒரே சொல்லில் "மதராசி" என்று கூப்பிடுகிறார்களே என்று மனம் புழுங்கும் நாம், மொம்பாசாக்காரரையும் லாகோசுக்காரரையும் எப்படிக் கூப்பிடுகிறோம்? நம் அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லும் சொற்களை இங்கே அச்சிட முடியாது. அச்சிட முடியாது என்பதே நமக்கு உறைக்கவேண்டும்.

இனி மண்வெட்டிக்கு வருகிறேன். "ம்கேனி சிக்கு ம்பிலி, சிக்கு யா தாத்து ம்பே ஜெம்பே" என்பது சுவாகிலிப் பழமொழிகளுள் மிகவும் பெயர்பெற்ற ஒன்று. "விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு." முதன்முறை கேட்டபோது நான் சிரித்தேன். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்ற நம் மொழியைத்தான் நினைத்தேன். ஒட்டிக்கொண்டு போகாத விருந்தாளியைத் துரத்தும் தந்திரம் என்றே எண்ணினேன். பலரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். ஆனால் தங்கனிக்காவின் விடுதலைத் தலைவரும், பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கியதால் ம்வாலிமு, அதாவது ஆசிரியர், என்றே மக்களால் அழைக்கப்பட்டவருமான ஜூலியஸ் நைரேரே, 1962-இல் எழுதிய உஜமா பற்றிய சிறு நூலில் இதை எடுத்துக்காட்டினார். பழைய ஆப்பிரிக்கச் சமுதாயத்தில் உழைக்காமல் உண்பவருக்கு இடமில்லை என்பதற்கு அவர் காட்டிய சான்று இது. வீட்டுக்காரர் கொடுக்குமுன்பே விருந்தாளி தானாகவே மண்வெட்டியைக் கேட்டுவிடுவார் என்றும் அவர் எழுதினார். விருந்தோம்பலில் அக்கரையினர் குறைந்தவர் அல்லர். "விருந்தாளியே வா, வீட்டுக்காரன் நலம் பெறட்டும்" என்றும் அவர்களிடம் மொழி உண்டு; விருந்தாளி வந்தால் வீட்டில் நல்ல சோறு சமைப்பார்கள் அல்லவா!

இம்மொழியின் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியது நைரேரேயின் நூல் அன்று. நம் பொங்கல் விழா. ஆண்டுதோறும் நம் சங்கம் பொங்கலுக்கு ஆப்பிரிக்க மாணவர்களை அழைக்கிறது. நல்ல வழக்கம். முன்வரிசையில் அமர்த்துகிறோம். கழுத்தில் துண்டு போடுகிறோம். இலையில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் இட்டு, "காரம் அதிகமா?" என்று விசாரிக்கிறோம். படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படம் நம் மலரிலும் வருகிறது. அத்துடன் அடுத்த தைவரை அவர்கள் யாரோ, நாம் யாரோ. இந்த ஆண்டு விழா முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, என் நண்பர் துண்டை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "இது எனக்கு மூன்றாவது பொங்கல்" என்றார். "ஆமாம்" என்றேன். "ம்கேனி சிக்கு ம்பிலி" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

மறுபாதியை நான் முடிக்கவேண்டியிருந்தது. முடித்தேன். முடிக்கும்போதுதான் என் வாயிலிருந்து வருவது என்ன என்று எனக்கே புரிந்தது. மண்வெட்டியைக் கொடுப்பது துரத்துவதன்று. மண்வெட்டி பெறும்வரை ஒருவன் விருந்தாளி, பெற்றபின் வீட்டான். வயலில் அவனுக்கும் ஒரு பாத்தி உண்டு. அறுவடையைப் பற்றிப் பேச அவனுக்கும் வாய் உண்டு. மூன்று ஆண்டுகளாக அவரை முன்வரிசையில் உட்காரவைத்தே தள்ளி வைத்திருக்கிறோம். மரியாதையாலும் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட முடியும். இந்த ஊரில் சிலர் நமக்கும் அதைச் செய்கின்றனர். "உங்கள் இட்லி மிகவும் நன்று" என்று புகழ்ந்துவிட்டு, மாணவர் பேரவைத் தேர்தல் வரும்போது நம்மை மறந்துவிடுகின்றனர். நமக்கு வலிப்பது அவர்களுக்கு வலிக்காதா?

சிலர் மறுப்பார்கள். "இது தமிழ்ச் சங்கம், தமிழ் வளர்க்கத் தோன்றியது, அயலாருக்கு இங்கே என்ன பணி?" என்பார்கள். இக்கருத்தை நான் இகழவில்லை. வீட்டை விட்டு இத்தனை தொலைவு வந்து, நம் மொழியைக் காதாரக் கேட்க வாரத்தில் ஒரு மாலை வேண்டும் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. "கினிக்கோழி அயலிடத்தில் முட்டையிடாது" என்று அவர்களே சொல்கிறார்கள்; தன் வீட்டில் இருக்கும் துணிவு பிறர் வீட்டில் வாராது. நமக்கு இச்சங்கம்தான் வீடு. ஆனால் வீட்டுக்குள் ஒருவரை அழைப்பதால் வீடு பறிபோய்விடுமா? தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1955-ஆம் ஆண்டிலேயே நேருவின் முயற்சியால் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. சுவாகிலி மொழியும் அங்கே கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. அரசு செய்ததை நாம் அறையளவிலேனும் செய்யலாகாதா? நம் மலரில் ஒரு பக்கம் அவர்களுக்கு ஒதுக்கலாம். அவர்கள் பழமொழியை நாம் விளக்குவதை விட்டு, அவர்களே விளக்கட்டும். நான் இக்கட்டுரையில் செய்திருப்பதுகூட ஒருவகையில் அவர் வாயிலிருந்து பிடுங்கியதுதான். எழுதியபின் அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார்; ஓரிடத்தில் சிரித்தார்; எந்த இடம் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

பொங்கலன்று வேறொன்றும் நடந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன். சமையற்கட்டில் தேங்காய் துருவ ஆள் போதவில்லை. நால்வர் கத்தியால் கீறிக் கீறிக் கையைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்த நண்பர், "உங்களிடம் ம்புசி இல்லையா?" என்று கேட்டார். ம்புசி என்றால் ஆடு. பொங்கலுக்கு ஆடு எதற்கு என்று நாங்கள் திகைத்தோம். பிறகு கையால் வரைந்து காட்டினார்: சிறிய மரப்பலகை, அதன் முனையில் பல்லுள்ள இரும்பு நாக்கு, அதன்மேல் உட்கார்ந்து துருவவேண்டும். நம் பாட்டிமார் உட்கார்ந்து துருவும் அதே மணை! அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் ஆடு. ஒவ்வொரு வீட்டிலும் உண்டாம்; தேங்காய்ப் பாலில் சோறு வடிப்பவர்கள் அல்லவா. "என் தாய்க்கு நான்தான் துருவிக் கொடுப்பேன்" என்றார். அப்போதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "நீங்கள் விருந்தினர், உட்காருங்கள்" என்று கையைப் பிடித்து முன்வரிசைக்கே அழைத்துச் சென்றுவிட்டோம்.

அடுத்த பொங்கலுக்கான பணிக்குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலை நடக்கிறது. செயலாளர் அண்ணன் பட்டியலைத் தயாரித்துவிட்டார். கோலம், கரும்பு, ஒலிபெருக்கி, வரவேற்பு எல்லாவற்றுக்கும் பெயர்கள் எழுதியாயிற்று. தேங்காய் துருவும் பணிக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. ஊரிலிருந்து மணை ஒன்று கொண்டுவர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.